உனக்குப் புரிய வேண்டியதில்லை என்று சொன்னது யார்?

சொல்லித் தரக் கூடாது என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கின கதை ஒன்று இருக்கிறது. மநு காலத்துக் கதை இல்லை. 1979ஆம் வருசத்துக் கதை. ஏடி அண்ட் டி என்கிற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம், யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தபோது உரிமத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. எந்திரத்தில் போட்டு ஓட்டிக்கொள்ளலாம். ஆனால் அதன் மூல நிரலை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தக் கூடாது. தலித் விடுதலை பேசுகிற பத்திரிகையில் இந்தக் கதை எதுக்கு என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுக்கணும். படிக்கக் கூடாது என்கிற தடை நமக்குப் புதுசு இல்லை. இந்தத் தடை எப்படி உடைந்தது என்று தெரிந்துகொள்வதில் நமக்கு ஆதாயம் இருக்கிறது.

இயங்குதளம் என்றால் என்ன? கம்ப்யூட்டரோ செல்போனோ, அதுக்குள்ளே ஒரே நேரத்தில் நூறு வேலை நடக்கிறது. எந்த வேலைக்கு எப்போது எந்திரம் கிடைக்கும், எவ்வளவு நினைவகம் கிடைக்கும், யார் எந்தக் கோப்பைத் தொடலாம், யார் தொடக் கூடாது, இதையெல்லாம் முடிவு செய்கிற ஒரு நிர்வாகம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதுதான் இயங்குதளம். அதன் நடு மய்யத்துக்குக் கர்னல் என்று பேர். யார் எதைத் தொடலாம், யார் எதைத் தொடக் கூடாது என்று முடிவு செய்கிற இடத்தை நாம் பார்க்காமல் விட முடியுமா?

யூனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி இருவரும் முக்கியமான ஆட்கள். தொலைபேசி அல்லாத வியாபாரத்தில் இறங்கக் கூடாது என்று ஏடி அண்ட் டிக்கு 1956இல் ஒரு நீதிமன்றக் கட்டுப்பாடு இருந்தது. அதனால் யூனிக்ஸை வியாபாரமாக விற்காமல், சின்னத் தொகை வாங்கிக்கொண்டு மூல நிரலோடு பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தார்கள். பெருந்தன்மையால் கொடுத்தது அல்ல, விற்க முடியாததால் கொடுத்தது. கொடுத்தது கொடுத்ததுதான், நாலு பேர் கைக்குப் போய்விட்டது.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்று ஒரு வாத்தியார். யூனிக்ஸின் ஆறாம் பதிப்பு 1975இல் வந்தது. அதன் கர்னல் மொத்தமே ஏறத்தாழ 9,000 வரி. ஒரு ஆள் ஒரு வருசத்தில் முழுக்கப் படித்து முடித்துவிடலாம் என்று லயன்ஸ் கண்டுகொண்டார். வரிக்கு வரி எண் போட்டு ஒரு தொகுதி, அதுக்கு உரை எழுதி இன்னொரு தொகுதி. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரை எழுதின மாதிரி எந்திரத்துக்கு உரை. தன் மாணவர்களுக்காக 1977இல் எழுதி முடித்தார். ரெண்டு வருசத்தில்தான் நான் மேலே சொன்ன தடை வந்தது. லயன்ஸின் உரை உரிமம் உள்ளவர்களைத் தாண்டி வெளியே போகக் கூடாத பொருளாக ஆகிவிட்டது.

மாணவர்கள் என்ன பண்ணினார்கள்? ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தார்கள். எழுத்து மங்கி, ஓரம் வெட்டுப்பட்டு, கண்ணைச் சுருக்கிப் படிக்கிற பிரதியாக அது ஊர் ஊராகப் போனது. கணினி படித்த ஒரு தலைமுறை இயங்குதளத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த மங்கல் காகிதத்தில் இருந்துதான் கற்றுக்கொண்டது. 1996இல்தான் அது முறையான புத்தகமாக வந்தது. லயன்ஸ் 1998இல் இறந்துபோனார். கைக்குக் கை மாறும் சிற்றிதழும் கள்ளப் பிரதியும் நமக்குத் தெரியாததா? அரசியல் புத்தகங்களை அப்படித்தானே நம்மில் பலர் படித்தோம்.

தடைக்கு இன்னொரு பதில் ஆம்ஸ்டர்டாமில் இருந்து வந்தது. ஆண்ட்ரூ டானன்பாம் என்கிற பேராசிரியர், யூனிக்ஸைக் காட்டித்தானே பாடம் நடத்தக் கூடாது, நானே ஒன்று எழுதிக்கொள்கிறேன் என்று 1987இல் மினிக்ஸ் என்ற சின்ன இயங்குதளத்தை எழுதிப் பாடப் புத்தகத்தோடு வெளியிட்டார். அந்த மினிக்ஸைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு நோண்டிய ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991இல் தன் 21 வயதில் லினக்ஸை எழுத ஆரம்பித்தார். அதுக்கு எட்டு வருசம் முன்பே, 1983இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் அமெரிக்காவில் க்னூ என்ற வேலைத்திட்டத்தை அறிவித்திருந்தார். நிரலை யாரும் ஓட்டலாம், படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். திருத்தினதை அடுத்தவனுக்குக் கொடுத்தால் அதன் மூலத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதுதான் அவர் 1989இல் எழுதின ஜிபிஎல் உரிமத்தின் சாரம். காப்புரிமைச் சட்டம் பூட்டுவதற்காக எழுதப்பட்டது. அதே சட்டத்தை எடுத்து, பூட்டக் கூடாது என்று திருப்பி எழுதினார். 1992இல் லினக்ஸ் இந்த உரிமத்துக்குள் வந்தது. இன்றைக்கு உங்கள் பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு செல்போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கர்னல்தான். உலகத்தின் முதல் 500 பெரிய கணினிகள் என்று ஒரு பட்டியல் போடுகிறார்களே, 2017 நவம்பரில் இருந்து அந்த அய்நூறிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது.

ஆக, எந்திரம் திறந்து கிடக்கிறது. தடை போட்டவன் தோற்றுவிட்டான். அப்படியானால் நாம் ஏன் இன்னும் உள்ளே போகவில்லை?

*

நம்மிடம் வந்து சேர்ந்த கம்ப்யூட்டர் படிப்பு எது என்று பாருங்கள். ஊருக்கு ஊர் கணினிப் பயிற்சி மையம். மூணு மாசக் கோர்ஸ். இந்தப் பொத்தானை அமுக்கு, இந்த மெனுவைத் திற, இங்கே பேரை அடி, சேவ் பண்ணு. நானும் அப்படி ஒரு மையத்தில் காசு கட்டிப் படித்த ஆள்தான். சேவ் பண்ணினால் அது எங்கே போகிறது என்று ஒருநாள் கேட்டேன். அது சிலபஸில் இல்லை என்றார்கள். இந்தப் படிப்பு நம் பிள்ளைகளை ஆபரேட்டராக்கும். எந்திரம் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிற ஆளாக்கும். எந்திரத்தைக் கேள்வி கேட்கிற ஆளாக ஆக்காது.

2011இல் தமிழ்நாட்டு அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் என்கிற மய்ய அரசு நிறுவனம் உருவாக்கிய திறந்த மூல இயங்குதளம் அது. யோசித்துப் பாருங்கள். சேரிப் பிள்ளை கையில், குடிசைக்குள்ளே, உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கிற அதே கர்னல் வந்து உட்கார்ந்திருக்கிறது. மூலத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கிற உரிமையும் கூடவே வந்திருக்கிறது. அந்த உரிமை இருக்கிறது என்று ஒருத்தரும் அந்தப் பிள்ளையிடம் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் நான் பார்த்த வரைக்கும், செல்போன் கடையில் கொடுத்து அதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுப் படம் பார்த்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாசலைத் திறந்து வைத்துவிட்டு, இது வாசல் என்று சொல்லாமல் போனவர்களைத்தான் கேட்கணும். அந்தப் பிள்ளைகளோடு தினம் பழகிய நம் இயக்கங்களும் இந்தக் கேள்வியில் இருந்து தப்ப முடியாது.

இது எதுக்கு நமக்கு என்று கேட்பவர்கள் ஒருநாள் வங்கிக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். நூறு நாள் வேலைக் கூலி எடுக்க ஒரு அம்மா வருகிறார். விரல் வைக்கிறார். பணம் வரவில்லை. 'சர்வர் டவுன், நாளைக்கு வாங்கம்மா.' அந்த அம்மாவுக்கு நாளைக்கும் ஒரு பஸ் செலவு, நாளைக்கும் ஒரு நாள் கூலி போச்சு. சர்வர் டவுன் என்கிற ரெண்டு சொல்லுக்குள் எத்தனை இருக்கிறது தெரியுமா? தொலைபேசி இணைப்பு அறுந்திருக்கலாம். எங்கோ இருக்கிற மய்யக் கணினி திணறிக்கொண்டிருக்கலாம். ரேகை தேய்ந்துபோன விரல் பொருந்தாமல் இருக்கலாம். இந்த மூணுக்கும் மூணு விதமான வழி இருக்கிறது. ரேகை என்றால் வேறு விரலை வைத்துப் பார்க்கலாம், பாஸ்புக்கைக் காட்டிக் கவுண்டரில் எடுக்கலாம். இணைப்பு என்றால் அரை மணி உட்காரச் சொல்லலாம். ஆனால் மூணையும் ஒரே சொல்லில் போட்டு மூடி, விதி மாதிரி ஆக்கி வைத்திருக்கிறோம். முன்னே 'தலையெழுத்து' என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது 'சர்வர் டவுன்' என்று சொல்லி அனுப்புகிறோம். எந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தச் சொல்லை நான் வாயில் எடுப்பதில்லை. எது கெட்டது என்று பார்த்து அதைச் சொல்கிறேன். சின்னக் காரியம்தான். ஆனால் அந்த அம்மா மறுநாள் வந்து, 'நேத்து ரேகைன்னு சொன்னீங்களே, பாஸ்புக் கொண்டாந்திருக்கேன்' என்று கவுண்டரில் நிமிர்ந்து நிற்கிறபோது சின்னக் காரியம் இல்லை என்று தெரிகிறது.

*

எப்படிக் கற்றுக்கொள்வது? நான் தமிழ் இலக்கியம் படித்த ஆள். பொறியியல் கல்லூரி வாசலைக் கவியரங்கத்துக்குப் போனபோது பார்த்ததோடு சரி. சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய மடிக்கணினி வாங்கினேன். அந்தத் தெருவுக்கும் யூனிக்ஸ் எழுதின ரிட்சிக்கும் சம்பந்தம் இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதில் லினக்ஸைப் போட்டு ராத்திரி ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் எந்திரத்தைக் கவனிக்கணும். லினக்ஸில் ப்ராக் என்று ஒரு அடைவு இருக்கிறது. அதில் உள்ள கோப்புகள் வட்டில் எங்கும் இல்லை. நீங்கள் திறந்து கேட்கிறபோது கர்னல் அந்த நொடியில் தன் நிலைமையை எழுதிக் காட்டுகிறது. எவ்வளவு நினைவகம் இருக்கிறது, எத்தனை வேலை ஓடுகிறது, எல்லாம் கேட்டால் சொல்லும். ஒளிவு மறைவு இல்லாமல் பதில் சொல்கிற நிர்வாகத்தை நான் முதல் தடவை அங்கேதான் பார்த்தேன்.

அடுத்தது எஸ்ட்ரேஸ் என்கிற கருவி. ஒரு நிரல் கர்னலிடம் போய் என்னென்ன கேட்கிறது என்று வரிவரியாகக் காட்டிக் கொடுக்கும். ஒரு அடைவில் என்ன கோப்பு இருக்கிறது என்று காட்டுகிற எல்எஸ் என்ற குட்டிக் கட்டளைகூட, திற, படி, எழுது, மூடு என்று எத்தனையோ தடவை கர்னலின் கவுண்டரில் போய் நிற்கிறது. எந்த நிரலும் நேராக வட்டைத் தொட முடியாது. கர்னலிடம் விண்ணப்பம் போடணும். கர்னல் ஒரு டோக்கன் எண் தரும். அந்த எண்ணைக் காட்டித்தான் படிக்கணும், எழுதணும். இது நமக்குத் தெரியாத நடைமுறையா என்ன?

அடுத்தது சி மொழி. யூனிக்ஸ் 1973இல் இந்த மொழியில்தான் திருப்பி எழுதப்பட்டது. கர்னல் படிக்க வேண்டிய அளவுக்கு ஒரு மூணு நாலு மாசம் போதும்.

அப்புறம்தான் கர்னல். நேரே லினக்ஸ் கர்னலுக்குள் இறங்கினால் மூச்சு முட்டும். இன்றைக்கு அது மூணு கோடி வரிக்கு மேலே. அதில் பெரும்பகுதி விதவிதமான கருவிகளை ஓட்டுகிற நிரல்தான், ஆனாலும் கடல் கடல்தான். லயன்ஸ் செய்த காரியத்தை மறுபடி செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்அய்டியில் 2006இல், அந்தப் பழைய ஆறாம் பதிப்பை மாதிரியாக வைத்து, இன்றைய எந்திரத்துக்கு ஏற்ப எக்ஸ்வி6 என்று ஒரு சின்ன இயங்குதளத்தை எழுதினார்கள். பாடம் நடத்தவே எழுதியது. பத்தாயிரம் வரிக்குள் அடங்கும். கூடவே நூறு பக்கச் சொச்சம் விளக்கப் புத்தகம். ரெண்டும் காசில்லாமல் கிடைக்கிறது. கெட்டுப்போகுமோ என்று பயப்பட வேண்டாம். க்யூஎமு என்ற நிரல் உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு பொய்க் கணினியை உண்டாக்கித் தரும். அதில் போட்டு உடைக்கலாம், நொறுக்கலாம், திருப்பி எழுப்பலாம்.

வங்கி வேலை எனக்கு இங்கே உதவியது. கோப்பு முறைமையில் ஜர்னல் என்று ஒன்று இருக்கிறது. வட்டில் மாற்றம் செய்வதுக்கு முன்னால், என்ன செய்யப் போகிறேன் என்று ஒரு தனி இடத்தில் எழுதி வைத்துவிட்டு அப்புறம் செய்கிறது. நடுவில் கரண்ட் போனால், திரும்ப வந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்துக் கணக்கை நேர் செய்கிறது. நாள்பேரேட்டை எழுதினவர்களுக்கு இதை விளக்கணுமா? பாதுகாப்புப் பெட்டக அறைக்கு ரெண்டு சாவி, ரெண்டு அதிகாரி. ஒருத்தர் தன் சாவியைக் கொடுக்காமல் அடுத்தவர் சாவிக்குக் காத்திருக்கிறார், அவரும் அப்படியே காத்திருக்கிறார் என்றால் அறை திறக்கவே திறக்காது. கர்னலில் ரெண்டு வேலைகள் ரெண்டு பூட்டுகளைப் பிடித்துக்கொண்டு இப்படி நின்றுபோவதுக்கு டெட்லாக் என்று பேர். செத்துப்போன வேலைக்கு ஜோம்பி என்று ஒரு நிலை இருக்கிறது. ஓடுவது நின்றுவிட்டது, நினைவகத்தை எல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆனால் அதைப் பெற்ற வேலை வந்து முடிவைக் கேட்டு வாங்காததால் பதிவேட்டில் ஒரு வரி மட்டும் அழியாமல் நிற்கிறது. இறந்தவர் கணக்கு, வாரிசு வந்து கேட்காமல் பேரேட்டில் கிடக்கிறதே, அச்சு அசல் அதேதான். பெற்ற வேலையே முதலில் செத்துவிட்டால் அநாதைப் பிள்ளைகளை ஒன்றாம் எண் வேலை தத்தெடுத்துக்கொள்ளும். ஆக, இந்தப் புதிர்களுக்கு விடை பொறியியல் கல்லூரியில் மட்டும் இல்லை. உழைக்கிறவர்கள் தினம் பார்க்கிற காரியங்களில்தான் இருக்கிறது. தறி நெய்கிறவர், மேஸ்திரி வேலை பார்க்கிறவர், பஸ் டிப்போவில் நேரம் போடுகிறவர், ஒவ்வொருத்தருக்கும் தன் வேலையில் இருந்தே இதுக்குள் நுழைய ஒரு வழி இருக்கும்.

ஒவ்வொரு கோப்புக்கும் மூணு பேர் வைத்து உரிமை எழுதப்பட்டிருக்கிறது. உடையவர், குழு, மற்றவர். படிக்க, எழுத, ஓட்ட என்று ஆளுக்கு மூணு எழுத்து, மொத்தம் ஒன்பது எழுத்து. அந்த 'மற்றவர்' என்கிற இடத்தைப் பார்த்தபோது நம்ம இடம் இதுதானே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஊரில் யார் எங்கே நடக்கலாம், எந்தக் குழாயில் பிடிக்கலாம் என்பதெல்லாம் எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். கேட்டால் அப்படி ஒன்றும் இல்லையே என்பார்கள். இங்கே எழுதி இருக்கிறது. யார் கேட்டாலும் காட்டும். எழுதி இருப்பதைத்தான் மாற்ற முடியும். கர்னலுக்குள்ளேயே ஒரு கருவிக்கு எசமான், இன்னொன்றுக்கு அடிமை என்று பேர் வைத்திருந்தார்கள். 2020 ஜூலையில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் தெருவில் நடந்த நேரத்தில், இனி எழுதப்படும் நிரலில் அந்தச் சொற்களைத் தவிர்க்கணும் என்று லினக்ஸ் கர்னல் விதி எழுதிக்கொண்டது. சொல்லை மாற்றினால் போதுமா என்று கேட்கலாம். போதாது. ஆனால் தெருவில் எழுந்த குரல் கர்னல் வரைக்கும் கேட்கும் என்பது தெரிந்துபோயிற்று.

*

தலைப்புக்கு வருகிறேன். லயன்ஸ் எண் போட்ட அந்த நிரலில் 2238ஆம் வரியில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஒரு வேலையை நிறுத்தி எந்திரத்தை இன்னொரு வேலைக்கு மாற்றிக் கொடுக்கிற இடம் அது. இது உனக்குப் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் படிக்கிறவனைப் பார்த்து அந்தக் குறிப்பு சொல்கிறது. உலகம் முழுக்கப் பிரபலமான வரி. அதைப் பார்த்து எத்தனை மாணவர்கள் நமக்கு இது ஆகாது என்று மூடி வைத்தார்களோ. ரிட்சி பின்னாளில் அதுக்கு விளக்கம் சொன்னார். திமிராகச் சொன்னது இல்லையாம், இது பரீட்சையில் வராது என்று வாத்தியார் சொல்வாரே, அந்த மாதிரியாம். அதோடு நிறுத்தவில்லை. உண்மையில் அங்கே என்ன நடக்கிறது என்று எங்களுக்கும் சரியாகப் புரிந்திருக்கவில்லை என்றும் ஒத்துக்கொண்டார். பின்னால் அந்த ஏற்பாட்டையே மாற்றி எழுதினார்கள்.

நம்மைப் பார்த்து உனக்குப் புரியாது என்று சொன்ன எத்தனை பேருக்கு உள்ளே விசயம் புரிந்திருந்தது? சாஸ்திரம் என்றான், மந்திரம் என்றான், மெரிட் என்றான், சிஸ்டம் என்றான். திறந்து காட்டச் சொன்னால் காட்டமாட்டான். யூனிக்ஸ்காரர்கள் திறந்து வைத்திருந்தார்கள், அதனால்தான் அந்த வரியில் அவர்களுக்கே சந்தேகம் இருந்தது என்பது வெளியே வந்தது. மூடி வைத்திருந்தால் அது வேதமாகி இருக்கும்.

நான் ஏகலைவன் கதையைச் சொல்லப் போவதில்லை. அது வாத்தியாருக்குச் சிலை வைத்துக் கும்பிட்டவன் கதை. கடைசியில் கட்டைவிரல் போன கதை. நமக்குச் சிலை வேண்டாம். டோர்வால்ட்ஸும் வேண்டாம், ஸ்டால்மனும் வேண்டாம். மூலம் இருக்கிறது, அது போதும்.

தோழர்கள் சொல்கிற மறுப்புகள் எனக்குத் தெரியும். குடிசை கொளுத்துகிற ஊரில் கர்னல் எதுக்கு என்பார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழ் தொடங்கியபோது ஊரில் கொடுமை இல்லையா? அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியபோது எல்லாருக்கும் வயிறு நிறைந்திருந்ததா? அன்றைக்கு அச்சு எந்திரம் புது எந்திரம். அது மேல்சாதிக்காரன் சமாச்சாரம் என்று அவர்கள் ஒதுங்கவில்லை. கொடுமையை எழுத எந்திரம் வேண்டியிருந்தது, எடுத்தார்கள். இன்றைக்கு ரேசன், பென்சன், கூலி, உதவித்தொகை, சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரு எந்திரத்தின் வழியாகத்தான் நம்மிடம் வருகிறது, அல்லது வராமல் போகிறது. அந்த எந்திரத்தை வாசிக்கத் தெரிந்த ஆட்கள் நம் இயக்கத்தில் எத்தனை பேர்?

லினக்ஸ் இப்போது பெரிய கம்பெனிகளின் சொத்தாகிவிட்டதே என்பார்கள். பாதி உண்மை. கர்னலில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இன்டெல், கூகுள், ரெட் ஹாட் மாதிரி நிறுவனங்களிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். திறந்த மூலம் என்றாலே விடுதலை என்று நானும் சொல்ல மாட்டேன். பாடம் நடத்த எழுதிய அந்த மினிக்ஸையே எடுத்து, இன்டெல் தன் சில்லுகளுக்குள் யாருக்கும் தெரியாமல் ஓட விட்டிருந்தது 2017இல் வெளியே வந்தது. மினிக்ஸ் எழுதின டானன்பாமுக்கே யாரும் சொல்லவில்லை. மினிக்ஸின் உரிமம் அதை அனுமதித்தது. ஆக, எந்த உரிமம், யார் கையில், யாருக்காக என்று கேட்டுக்கொண்டே இருக்கணும். கேட்பதுக்கு முதலில் படிக்கத் தெரியணும். கம்பெனிக்காரன் படிக்கிறான் என்பது நாம் படிக்காமல் இருப்பதுக்குக் காரணமாகுமா?

இங்கிலீஷ் என்பார்கள். இதுதான் உண்மையான மதில். எல்லாம் இங்கிலீஷில்தான் இருக்கிறது. ஆனால் இது சேக்ஸ்பியர் இங்கிலீஷ் இல்லை. ஒரு சில நூறு சொல், அதே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கவிதையில் ஒரு வரிக்கு நாலு அர்த்தம் வரலாம். இங்கே ஒரு வரிக்கு ஒரு அர்த்தம்தான். ரெண்டாவது அர்த்தம் வந்தால் எந்திரம் நின்றுவிடும். இந்த ஒழுங்குதான் இங்கிலீஷ் வராத நமக்குத் துணை. புரிகிற ஒவ்வொரு பகுதியையும் நம் பேச்சுத் தமிழில் எழுதி வைத்தால் அடுத்து வருகிறவருக்கு மதில் ஒரு செங்கல் குறையும். லயன்ஸ் செய்ததும் அதுதானே, தன் மாணவனுக்கு விளங்குகிற பேச்சில் உரை.

நேரம் இல்லை என்பார்கள், எந்திரம் இல்லை என்பார்கள். ரெண்டும் நிசம். அதனால்தான் தனித்தனியாக முடியாது என்கிறேன். திறந்து கிடப்பது மட்டும் போதாது. கரண்ட் வேணும், மேசை வேணும், தெரியவில்லை என்று கூச்சமில்லாமல் சொல்ல நாலு பேர் வேணும். மேல்சாதி வீட்டுப் பையனுக்கு அது வீட்டிலேயே இருக்கிறது, மாமா, சித்தப்பா, அக்கா வீட்டுக்காரர் என்று. நமக்கு அதை இயக்கம்தான் தரணும்.

சேரிகளில் இரவுப் பாடசாலை நடத்திய அனுபவம் நமக்கு உண்டு. அதே இடத்தில் அய்ந்து பேர், ஒரு பழைய கம்ப்யூட்டர். வாரத்துக்கு ரெண்டு பக்கம். எக்ஸ்வி6 புத்தகம் ஒரு வருசத்துக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். ஒருத்தர் வாசிக்கணும், ஒருத்தர் எந்திரத்தில் போட்டுப் பார்க்கணும், ஒருத்தர் தமிழில் எழுதணும், மற்றவர்கள் கேள்வி கேட்கணும். வாரா வாரம் வேலையை மாற்றிக்கொள்ளணும், ஒரே ஆள் வாத்தியாராக ஆகிவிடாதபடிக்கு. முடிக்கிறபோது நீங்களாக ஒரு புதுக் கூப்பாட்டைக் கர்னலில் சேர்க்கணும். நான் சேர்த்தது, ஒரு வேலை கர்னல் கவுண்டருக்கு எத்தனை தடவை வந்தது என்று எண்ணிச் சொல்கிற ஒன்று. அய்ந்தாறு கோப்பில் கை வைக்கணும், சில கோப்பில் ஒரே ஒரு வரிதான். எனக்கு ஒரு மாசம் பிடித்தது. அது ஓடி, திரையில் எண் வந்த அன்றைக்கு, எந்திரத்தின் நிர்வாகத்துக்குள் நான் எழுதின ஒரு சட்டம் அமலில் இருந்தது.

இதைப் படித்து வேலை கிடைக்குமா என்று மாணவர்கள் கேட்பார்கள். சிலருக்குக் கிடைக்கும், கிடைத்தால் சந்தோசம். நான் அதுக்காகச் சொல்லவில்லை. நாளைக்கு ஒரு அலுவலகத்தில், ஒரு கவுண்டரில், ஒரு ஆணையில், சிஸ்டம் ஏற்றுக்கொள்ளவில்லை என்று நம் சனத்தைத் திருப்பி அனுப்புவார்கள். அப்போது பக்கத்தில் நம் ஆள் ஒருத்தர் நிற்கணும். சிஸ்டம் என்று ஒன்று தானாக முடிவு செய்வதில்லை, யாரோ எழுதி வைத்த வரிதான் முடிவு செய்கிறது என்று தெரிந்த ஆள் நிற்கணும். உனக்குப் புரிய வேண்டியதில்லை என்று எவன் சொன்னாலும், எத்தனையாவது வரி என்று அவர் கேட்கணும். அந்த வரியை எடுத்து வைக்கட்டும், அப்புறம் பேசலாம்.